கோபுரத்திற்கு முன் நிலப்பட்டா

திருவிழாக் காலம் பிறந்துவிட்டது. கொடியேற்றம், பால்குடம், காவடி, தீமிதி, இரத ஊர்வலம் என்று நாடெங்கிலும் ஆலயங்கள் களைகட்டி நிற்கின்றன. பந்தல் போடுவோரும், பூத்தொடுப்போரும், அன்னதானத்திற்கு அரிசி மூட்டை அனுப்பி வைப்போரும் ஓய்வின்றி உழைக்கும் இவ்வேளையில், சற்றுக் கசப்பாகத் தோன்றக்கூடிய ஒரு கேள்வியை இம்மலரின் வாயிலாகப் பக்தப் பெருமக்கள் முன் வைக்க விரும்புகிறோம். நாம் வழிபடும் ஆலயம் நிற்கின்ற நிலம் யாருடைய பெயரில் இருக்கிறது?

இக்கேள்வியை எந்த ஆலயத்தில் எழுப்பினாலும் பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே. 'எங்கள் பாட்டன் காலத்திலிருந்து கோயில் இங்கேதான் இருக்கிறது' என்பார்கள். அது கோயிலின் வயதைச் சொல்லும் விடை. நிலத்தின் உரிமையாளரைச் சொல்லும் விடை அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி வாழ்ந்ததன் விளைவைத்தான் நம் சமுதாயம் இன்றளவும் அனுபவித்து வருகிறது. மண்வாரி இயந்திரம் வந்து நின்ற பிறகு அதன் முன் அமர்ந்து தேவாரம் பாடுவதால் ஓர் ஆலயம் காப்பாற்றப்படுவது அரிது. நில அலுவலகத்துப் பதிவேட்டில் ஆலயத்தின் பெயர் ஏறுவதே அதற்கு நிலையான காப்பு. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டம் தந்த கோயில்கள்

மலாயாவில் இரப்பர் பயிரிடப்பட்ட காலத்தில் தோட்டந்தோறும் ஓர் ஆலயம் எழுந்தது. தோட்டத் துரை வாய்மொழியாக இடம் காட்டினார், கங்காணி முன்னின்றார், தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிக் கட்டி முடித்தார்கள். மாரியம்மனும், முனீஸ்வரரும், சுப்பிரமணியரும் அவ்வாறுதான் இந்நாட்டு மண்ணில் குடிகொண்டார்கள். அன்று ஒருவரும் காகிதம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருப்பதாகவும் எவருக்கும் தோன்றவில்லை.

தோட்டத்து நிலம் முழுவதும் நிறுவனத்தின் பெயரில் இருந்தது. லயம், ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கோயில், சுடுகாடு ஆகிய எல்லாம் அந்த நிறுவனத்தின் பட்டாவுக்குள் அடங்கியவை. அவற்றுள் கோயிலுக்கெனத் தனிப் பட்டா பிரித்துத் தரப்பட்ட தோட்டங்கள் மிகச் சிலவே. நிறுவனமும் தொழிலாளரும் ஒரே இடத்தில் இருந்த வரையில் இக்குறை வெளியில் தெரியவில்லை. தோட்டம் கைமாறத் தொடங்கியபோதுதான் அது வெளிப்பட்டது.

1950-களில் ஐரோப்பியர் வசமிருந்த தோட்டங்கள் விற்கப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அஜிஸ் ஆராய்ந்து 1962-இல் வெளியிட்ட நூல் அக்கால வரலாற்றுக்குச் சான்றாக நிற்கிறது. அத்துன்பத்தைக் கண்ணுற்ற துன் வீ.தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கச் செய்தார். நிலம் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருடைய சொல்லே செல்லும் என்பதை உணர்ந்த தலைவர் அவர். நிலத்தைப் பெயரில் எழுதிக்கொள்ளாமல் உரிமை பேசிப் பயனில்லை என்பதே அவ்வியக்கம் விட்டுச் சென்ற பாடம்.

பிற்காலத்தில் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதலின்றிக் கைமாற்றுவதை அப்பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆயினும் அது துண்டாடலைக் கருதி எழுந்த சட்டமேயன்றிக் கோயிலைக் கருதி எழுந்த சட்டமன்று. தோட்டம் முழுவதுமாக வீடமைப்புப் பகுதியாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறுகின்றபோது, அதன் நடுவே நிற்கும் ஆலயத்திற்கு அப்பிரிவு அரணாகாது.

பதிவேடே உரிமை

நம் முன்னோர் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அங்கே 'அனுபவ பாத்தியதை' என்னும் சொல் மக்கள் வாயில் புழங்கிய சொல். பிறர் நிலத்தை நெடுங்காலம் தடையின்றி அனுபவித்து வந்தவர்க்கு அந்நிலத்தில் உரிமை உண்டாகும் என்னும் கருத்தை இந்தியாவின் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தனியார் நிலத்திற்கு 12 ஆண்டு, அரசு நிலத்திற்கு 30 ஆண்டு என்று 1963-ஆம் ஆண்டின் இந்தியக் காலவரையறைச் சட்டம் கூறும். அந்நினைவு நம்மவர் மனத்தில் ஊறிப்போனதால், நூறாண்டு பழைமை உள்ள கோயிலை எவரும் அசைக்க இயலாது என்னும் நம்பிக்கை இங்கும் வேரூன்றிவிட்டது.

ஆனால் தீபகற்ப மலேசியாவின் சட்டம் வேறு. இங்கே நடைமுறையில் இருப்பது டோரன்ஸ் முறை எனப்படும் நிலப்பதிவு முறை. தென் ஆஸ்திரேலியாவில் இராபர்ட் டோரன்ஸ் என்பவர் 1858-இல் கொண்டு வந்த இம்முறையில், பழைய பத்திரங்களைத் தேடி உரிமையை நிறுவும் வேலை கிடையாது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். 1965-இல் நிறைவேறி 1966 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டம் இம்முறையையே அடிப்படையாகக் கொண்டது. மோசடி, கள்ளக் கையெழுத்து போன்ற சில காரணங்களுக்காகவன்றி, பதிவு பெற்றவரின் உரிமையை அசைக்க இயலாது என்று அச்சட்டத்தின் 340-ஆவது பிரிவு கூறுகிறது.

நாம் மனனம் செய்து வைத்திருக்க வேண்டிய பிரிவுகள் இன்னும் இரண்டு. அரசு நிலத்தில் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும், அனுமதியின்றி இருந்தாலும், உரிமம் பெற்று இருந்தாலும், அதனால் நில உரிமை உண்டாகாது என்பது 48-ஆவது பிரிவு. தனியார் நிலத்தில் எத்தனை ஆண்டுகள் பிறர் குடியிருந்தாலும், நிலத்தை மீட்டுக்கொள்ளப் பட்டாதாரர் வழக்குத் தொடுப்பதற்கு அது தடையாகாது என்பது 341-ஆவது பிரிவு. அனுபவ பாத்தியதை என்னும் சொல்லுக்கு இவ்விரு பிரிவுகளும் கதவடைத்துவிட்டன. புறம்போக்கில் குடியிருப்போருக்குச் சட்டத்திலோ நியாயத்திலோ எவ்வித உரிமையும் இல்லை என்று, சிடேக் பின் ஹாஜி முகமது எதிர் பேராக் மாநில அரசு என்ற வழக்கில் 1982-இல் கூட்டரசு நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது.

சட்டத்தின் இக்கடுமையைப் பழிப்பதற்காக இவற்றை எடுத்துரைக்கவில்லை. பதிவேட்டை நம்பி நிலம் வாங்கும் ஏழைத் தொழிலாளியின் வீட்டையும் இச்சட்டமே காக்கிறது. சட்டம் எல்லார்க்கும் ஒன்றாகவே இருக்கிறது. அதன் பயனைப் பெறும் வழியைத் தேடாமல் இருந்துவிடுவதுதான் தவறு.

பட்டா அல்லாதவை

ஆலயங்களின் அலமாரிகளைத் திறந்தால் காகிதங்களுக்குக் குறைவிருக்காது. மின் கட்டண ரசீது, தண்ணீர்க் கட்டண ரசீது, சங்கங்களின் பதிவிலாகா வழங்கிய சான்றிதழ், சட்டமன்ற உறுப்பினர் அனுப்பிய வாழ்த்துக் கடிதம், அமைச்சர் வழங்கிய மானியக் காசோலையின் நிழற்படம் எல்லாம் இருக்கும். இவற்றுள் எதுவும் நில உரிமைக்குச் சான்றன்று. மின்சாரம் கொடுத்தவர் நிலத்தைக் கொடுத்ததாகாது. சங்கப் பதிவு என்பது நிர்வாகக் குழுவை அங்கீகரிப்பது. அக்குழு கூடுகின்ற மண்ணைப் பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை.

மக்கள் டி.ஓ.எல். என்று அழைக்கும் தற்காலிக உரிமத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் 65-ஆவது பிரிவின்கீழ் அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்த வழங்கப்படும் இவ்வுரிமம் அந்த ஆண்டின் டிசம்பர் 31-ஆம் நாளோடு முடிவடையும். ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். புதுப்பிக்க மறுப்பது அரசின் உரிமை. அவ்வுரிமத்தை நம்பிச் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு நிரந்தரக் கட்டடம் எழுப்புவது, வாடகை வீட்டில் மாடி கட்டுவதற்கு ஒப்பாகும். டி.ஓ.எல். வைத்திருக்கும் ஆலயம் அதனைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அதனோடு நின்றுவிடவும் கூடாது.

'தோட்ட நிர்வாகம் ஓர் ஏக்கரை எழுதிக் கொடுத்துவிட்டது' என்று சொல்லப்படும் கடிதங்களும் உண்டு. கடிதம் நல்லெண்ணத்திற்குச் சான்று. ஆனால் ஒரு பெரிய பட்டாவின் ஒரு மூலையைக் கடிதத்தால் பிரிக்க முடியாது. உரிமம் பெற்ற நில அளவையாளர் அளந்து, உட்பிரிவு செய்து, புதிய பட்டா பிறந்து, 14ஏ படிவம் கையெழுத்தாகிப் பதிவு பெற்றால்தான் நிலம் கைமாறும். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விவசாய நிலத்தைப் பொதுவாக ஒரு ஹெக்டரில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறைவாக, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் குறைவாக, உட்பிரிவு செய்யச் சட்டம் இடம் தருவதில்லை. கோயிலோ கால் ஏக்கரில் நிற்கும். ஆகவே நிலத்தின் வகையை மாற்றாமல் பட்டா பிரிக்க இயலாது. நன்கொடைக் கடிதம் கிடைத்த மகிழ்ச்சியில் இவ்வேலையை அப்படியே விட்டுவிட்டால், தோட்டம் அடுத்தவர் கைக்கு மாறும்போது அக்கடிதம் வெறுங்காகிதமாகிவிடும். எழுத்து மூலமான உடன்படிக்கை இருக்குமானால், வழக்கறிஞரின் துணையோடு 323-ஆவது பிரிவின்கீழ் தனியார் தடையாணை பதிய முடியுமா என்று உடனே பார்க்க வேண்டும். அத்தகைய தடையாணை ஆறு ஆண்டுகளுக்குச் செல்லும். அக்கால எல்லைக்குள் உட்பிரிவு வேலையை முடித்துக்கொள்ளலாம்.

நிலம் நமதாயினும் பயன் வேறு

பட்டா கையில் இருந்துவிட்டாலே போதும் என்றும் எண்ணிவிடலாகாது. நிலப்பட்டாவில் நிலத்தின் வகையும் நிபந்தனையும் எழுதப்பட்டிருக்கும். விவசாயம், கட்டடம், தொழில் என மூன்று வகைகளைத் தேசிய நிலச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வகுத்திருக்கிறது. செம்பனை பயிரிட வேண்டும் என்ற நிபந்தனை உள்ள நிலத்தை நிர்வாகக் குழு முழுப் பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும், அங்கே ஆலயம் எழுப்புவது நிபந்தனை மீறலே ஆகும். அதற்கு அபராதம் முதல் நிலத்தை அரசே பறிமுதல் செய்வது வரை சட்டத்தில் இடமுண்டு. 124-ஆவது பிரிவின்கீழ் விண்ணப்பித்து, வகையை மாற்றி, வழிபாட்டு இல்லம் என்ற நிபந்தனையைப் பெற்று, அரசு விதிக்கும் பிரீமியத்தைச் செலுத்திய பின்னரே கட்டடத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

அதன் பின்னும் இரண்டு வாயில்கள் உள்ளன. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் திட்டமிடல் அனுமதி பெறுவது ஒன்று. 1974-ஆம் ஆண்டின் சாலை, கால்வாய், கட்டடச் சட்டத்தின்கீழ் கட்டட வரைபடத்திற்கு ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் பெறுவது மற்றொன்று. கோலாலம்பூரில் திட்டமிடலுக்கு 1982-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. நில அலுவலகம், திட்டமிடல் இலாகா, ஊராட்சி மன்றம் ஆகிய மூன்றும் தனித்தனி அலுவலகங்கள். ஒன்றில் கிடைத்த ஒப்புதல் மற்றொன்றில் செல்லுபடியாகாது. நிலம் மாநில அரசின் அதிகாரத்தைச் சேர்ந்தது என்பதால், புத்ராஜெயாவில் கிடைக்கும் வாக்குறுதியும் மாவட்ட நில அலுவலகத்தின் வாயிலாகத்தான் செயலாக வேண்டும். இதனை அறியாமல் அரசியல் தலைவரின் வாய்ச்சொல்லை வாங்கிக்கொண்டு திரும்பும் நிர்வாகங்கள் பல.

பேச வேண்டிய நேரம்

ஒரு தோட்டம் தாமானாக மாறுவதற்கு முன் நடப்பவற்றைப் பார்ப்போம். நில உரிமையாளர் நிலத்தின் வகையை மாற்ற விண்ணப்பிக்கிறார். மனை வரைபடம் தயாராகிறது. சாலை எங்கே, கால்வாய் எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, திடல் எங்கே, வழிபாட்டு இல்லங்களுக்கு ஒதுக்கிய இடம் எங்கே என்பதெல்லாம் அவ்வரைபடத்தில் கோடுகளாக அமைகின்றன. ஊராட்சி மன்றமும் பல இலாகாக்களும் கருத்துரைக்கின்றன. ஒப்புதல் கிடைக்கிறது. அதன் பின்னர்தான் மரம் வெட்டுவோர் வருகின்றனர். அவர்களுக்குப் பின்னர்தான் மண்வாரி இயந்திரம் வருகிறது.

நம்மவர் விழித்துக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். அப்போது வரைபடத்தில் கோயில் நிற்கும் இடம் சாலையாகவோ கால்வாய் ஒதுக்கீடாகவோ ஆகியிருக்கும். வீடுகளுக்கு முன்பணம் செலுத்தியோர் காத்திருப்பார்கள். எவர் விரும்பினாலும் கோட்டை மாற்றுவது கடினமாகிவிடும். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பதற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

வரைபடம் காகிதமாக இருக்கும்போதே பேச வேண்டும். மாநிலக் கட்டமைப்புத் திட்டமும் உள்ளூர்த் திட்டமும் வரைவு நிலையில் இருக்கும்போது, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுக் கருத்தும் ஆட்சேபமும் கேட்கப்பட வேண்டும் என்று 1976-ஆம் ஆண்டின் சட்டமே கூறுகிறது. அவ்வறிவிப்பு நாளிதழ்களில் வருகிறது. ஊராட்சி மன்ற மண்டபத்தில் வரைபடம் தொங்குகிறது. அங்கே சென்று, 'எங்கள் ஆலயம் இந்த இடத்தில் இருக்கிறது. அதனை வழிபாட்டு இல்லம் எனக் குறியுங்கள்' என்று எழுத்து மூலம் கேட்ட நிர்வாகங்கள் எத்தனை? அஞ்சல் தலையின் செலவில் முடியக்கூடிய வேலை அது.

அரசு நிலத்தில் உள்ள ஆலயங்களுக்கு மற்றொரு வழியும் உண்டு. தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின்கீழ், ஒரு நிலத்தைப் பொதுப் பயனுக்கென ஒதுக்கி மாநில அரசு அரசிதழில் அறிவிக்கலாம். அரசிதழில் வந்த ஒதுக்கீட்டை ஓர் அதிகாரி மேசையில் அமர்ந்து அழித்துவிட முடியாது. அதனை நீக்குவதற்கும் சட்டம் வகுத்த முறை உண்டு. பட்டாவுக்கு இணையாகாவிடினும், டி.ஓ.எல். உரிமத்தைக் காட்டிலும் இது பன்மடங்கு உறுதியானது.

இரண்டு நிகழ்வுகள்

சுபாங் ஜெயா யூ.எஸ்.ஜே. 25 பகுதியில் உள்ள சீபீல்டு ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் தோட்டக் காலத்து ஆலயம். தோட்ட நிலம் மேம்பாட்டு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. ஆலயத்திற்கு உரிமை கோரிய இரு தரப்பினர், மாநில அரசு, நிறுவனம் என நால்வரும் சேர்ந்து, ஆலயத்தை வேறிடத்திற்கு மாற்றுவதென 2014-இல் நீதிமன்றத்தில் இணக்கத் தீர்ப்புப் பெற்றனர். ஆனால் பக்தர்களின் மனம் அதற்கு இணங்கவில்லை. 2018 நவம்பர் 26, 27 ஆகிய நாள்களில் அங்கே நடந்த கலவரத்தை நாடு மறக்கவில்லை. அதில் படுகாயமுற்ற தீயணைப்பு வீரர் முகமது அடிப் முகமது காசிம் டிசம்பர் 17-ஆம் நாள் உயிர் நீத்தார். அம்மரணத்தின் வேதனை எந்தச் சமயத்தார்க்கும் உரியது. நிலப் பதிவில் விழுந்த ஒரு முடிச்சு, அவிழ்க்கப்படாமல் பல்லாண்டுகள் கிடந்தால், அது எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு அந்நிகழ்வு கசப்பான சான்று.

கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடைய தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயத்தின் கதை மற்றொன்று. ஆலயம் நின்ற நிலத்தை மாநகர் மன்றம் 2014-இல் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டது. அங்கே பள்ளிவாசல் எழும்பும் என்ற செய்தி 2025 மார்ச்சில் வெளிவந்தபோதுதான் நாடு முழுவதும் அதனை அறிந்தது. நல்வேளையாகப் பேச்சுவார்த்தை வென்றது. ஏறக்குறைய 50 மீட்டர் தொலைவில் மாற்றிடம் வழங்குவதென அம்மாதமே உடன்பாடு கண்டனர். கைகலப்பின்றி முடிந்தமைக்கு எல்லாத் தரப்பினரையும் பாராட்ட வேண்டும். ஆயினும் விற்பனைக்கும் உடன்பாட்டுக்கும் இடையே கழிந்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். நூறாண்டுக் கோயில் நின்ற மண் விற்பனைப் பொருளாக இருந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. விற்பனைக்கு முன்பே அந்நிலம் வழிபாட்டு ஒதுக்கீடாக அரசிதழில் ஏறியிருந்தால் இந்நிலை வந்திராது.

நம் கடமை

பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டைச் சீர்செய்வோம். திருக்குட நன்னீராட்டுக்கு இலட்சக்கணக்கான வெள்ளியைத் திரட்ட நமக்குத் தெரிகிறது. தமிழகத்திலிருந்து சிற்பிகளை வரவழைத்து, இராஜகோபுரம் எழுப்பி, விமானத்திற்குப் பொன் பூசத் தெரிகிறது. நில அலுவலகத்தில் ஒரு தேடல் மனு கொடுக்க மட்டும் எவருக்கும் நேரமில்லை. பட்டா இல்லாத நிலத்தில் எழும் ஒவ்வொரு கோபுரமும் நாளைய கண்ணீருக்கு இன்றே கட்டும் முன்பணம். அடித்தளம் தோண்டுமுன் நிலத்தின் தகுதியைக் காண வேண்டும் என்று சிற்ப நூல்கள் கூறுகின்றன. சட்டத்தின் தகுதியையும் அதனோடு சேர்த்துக் காண்பது இக்காலத்து முறையாகட்டும்.

அடுத்து, நிலம் யார் பெயரில் என்பது. வாங்கிய நிலத்தைத் தலைவரின் பெயரிலோ பொருளாளரின் பெயரிலோ பதிந்து வைத்திருக்கும் ஆலயங்கள் உண்டு. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் காலமானால் பதிவேட்டின்படி அது அவருடைய சொத்து. வாரிசுகள் உரிமை கேட்டால் ஆலயம் நீதிமன்றப் படிக்கட்டு ஏற நேரிடும். இவ்வாறு தவிப்பதற்குத் தேவையே இல்லை. 1966-ஆம் ஆண்டின் சங்கச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, அசையாச் சொத்தைச் சங்கத்தின் பெயரிலேயே பதிய இடம் தருகிறது. சங்கப் பதிவதிகாரி சான்றளித்த மூன்று பொறுப்பாளர்கள் ஆவணங்களில் கையெழுத்திடலாம். பதிவு பெற்ற அறங்காவலர் குழுவை அமைத்துக்கொள்ள 1952-ஆம் ஆண்டின் அறங்காவலர் சட்டமும் உண்டு. ஆள் மாறினாலும் சொத்து ஆலயத்தோடு நிற்கும்.

மூன்றாவது, ஒற்றுமை. ஓர் ஆலயத்திற்கு இரு நிர்வாகம் இருக்குமானால் நில அலுவலகம் யாருக்குக் கடிதம் எழுதும்? நிலம் கேட்டுச் சென்ற குழுவின் பின்னாலேயே மறு குழுவின் ஆட்சேபக் கடிதமும் சென்றால், கோப்பு இழுப்பறைக்குள் உறங்கிவிடும். பரிவட்டம் யாருக்கு என்ற பூசலில் நிலத்தை இழந்துவிட்டுப் பின்னர் சமுதாயத்தின் உரிமை பறிபோயிற்று என்று முழங்குவதில் பொருளில்லை.

நான்காவது, புதிய சிற்றாலயங்களைப் பற்றியது. ஆற்றோர ஒதுக்கீட்டிலும், மின்கம்பி செல்லும் பாதையிலும், சாலையோர மரத்தடியிலும் சூலம் நட்டுத் தகரக் கொட்டகை போடுவதைச் சமுதாயம் ஊக்குவிக்கக் கூடாது. அரசு நிலத்தில் அனுமதியின்றிக் கட்டுவது 425-ஆவது பிரிவின்கீழ் குற்றம். பழைமையும் வரலாறும் உடைய தோட்டத்து ஆலயத்தின் நியாயமான கோரிக்கை, நேற்று முளைத்த கொட்டகையோடு ஒன்றாக எடைபோடப்படுவதால் வலுவிழக்கிறது. அருகருகே இடமின்றித் தவிக்கும் சிறு ஆலயங்கள் ஒரே பட்டா நிலத்தில் ஒன்றுகூடித் தனித்தனிச் சன்னிதிகளாக அமைவது தெய்வக் குற்றமாகாது.

அரசுக்கும் மேம்பாட்டாளர்க்கும்

கடமை ஒரு பக்கத்தார்க்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு சமயக் குழுவும் சொத்தினைப் பெறவும், உடைமையாகக் கொள்ளவும், சட்டத்திற்கு உட்பட்டு நிர்வகிக்கவும் உரிமை உடையது என்று கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆவது விதி கூறுகிறது. சட்டத்தின்படியன்றி எவருடைய சொத்தும் பறிக்கப்படலாகாது, கட்டாயமாக எடுக்கப்படும் நிலத்திற்குப் போதிய இழப்பீடு வேண்டும் என்று 13-ஆவது விதி கூறுகிறது. பட்டா இல்லாத ஆலயத்திற்கு 13-ஆவது விதியின் பயன் எட்டாக்கனியே. அவ்வாறெனில், 11-ஆவது விதி தரும் உரிமை உயிர்பெற, பட்டா பெறும் வழியை மாநில அரசுகள் எளிதாக்கித் தர வேண்டாமா?

மாநில அரசுகள் செய்ய வேண்டியவை மூன்று. தோட்டக் காலத்து ஆலயங்களை மாவட்ட வாரியாகக் கணக்கெடுத்து, அரசு நிலத்தில் உள்ளவற்றை அரசிதழில் ஒதுக்கீடு செய்தல். வழிபாட்டு நிலத்திற்கு விதிக்கும் பிரீமியத்தைப் பெயரளவுக்குக் குறைத்தல். தோட்ட நிலம் வகை மாற்றம் பெறும்போது, அதனுள் உள்ள ஆலயம், தமிழ்ப்பள்ளி, சுடுகாடு ஆகியவற்றின் நிலையைத் தெரிவிக்கும் அறிக்கையை விண்ணப்பத்தோடு கட்டாயமாகக் கேட்டல்.

மேம்பாட்டு நிறுவனத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். நூறாண்டுக் கோயிலை இடித்த இடத்தில் எழும் கடைவீதியைவிட, நூறாண்டுக் கோயிலை நடுவில் வைத்து எழும் கடைவீதி நற்பெயரோடு வாழும். வரைபடம் வரையும் நாளிலேயே நிர்வாகக் குழுவை அழைத்துப் பேசினால், வழக்குச் செலவும் காலத் தாமதமும் இருதரப்புக்கும் மிஞ்சும். இடமாற்றம் தவிர்க்க முடியாதது எனில், மாற்று நிலத்தின் பட்டா ஆலயத்தின் பெயரில் பதிவான பின்னரே பழைய ஆலயத்தின் மீது கைவைக்க வேண்டும் என்பதை உடன்படிக்கையில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். 'பின்னர் தருகிறோம்' என்ற சொல்லை நம்பிக் கொட்டகையில் காலம் கழிக்கும் தெய்வங்கள் போதும்.

இவ்விழாவின் வேண்டுகோள்

எனவே இத்திருவிழாவின் போது ஒவ்வோர் ஆலய நிர்வாகமும் தன்னைத் தானே ஐந்து கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் ஆலயம் நிற்கும் நிலத்தின் லாட் எண் என்ன? பதிவேட்டில் உள்ள பெயர் யாருடையது? நிலத்தின் வகையும் நிபந்தனையும் யாவை, குத்தகை நிலம் எனில் எந்த ஆண்டில் முடிவடைகிறது? இவ்வாண்டு நில வரி கட்டியாகிவிட்டதா? உள்ளூர்த் திட்டத்தில் இவ்விடம் என்னவாகக் குறிக்கப்பட்டிருக்கிறது? முதல் நான்கிற்கும் விடை நில அலுவலகத்துத் தேடலில் கிடைக்கும்; அதற்கு ஆகும் கட்டணம் ஓர் அர்ச்சனைத் தட்டுக்கு மேல் பெரிதாகிவிடாது. ஐந்தாவதற்கு ஊராட்சி மன்றத்தின் திட்டமிடல் பிரிவு விடை தரும்.

நம் ஆலயத்தில் திருவிழாவின் இரண்டாம் நாள் மாலை, பூசைக்குப் பின், அன்னதான மண்டபத்தில் ஒரு மேசை போடப்பட்டிருக்கும். நிலச் சட்டம் அறிந்த அன்பர்கள் அங்கே அமர்ந்திருப்பார்கள். சுற்று வட்டாரத்து ஆலய நிர்வாகத்தினர் தத்தம் காகிதங்களை ஒரு கோப்பில் எடுத்து வரலாம். தேடல் மனுவை நிரப்பவும், உள்ளூர்த் திட்டத்தைப் படிக்கவும் உதவி கிடைக்கும். கட்டணம் ஏதுமில்லை. கைபேசியில் எடுத்த படத்தைவிட மூலப் பிரதி இருந்தால் நலம்.

நம் பாட்டன்மார் பட்டா இன்றிக் கட்டினார்கள். அவர்களுக்குச் சட்டத்தைச் சொல்வார் இல்லை. நமக்குச் சொல்வார் இருக்கின்றனர். அவர்கள் கட்டிய ஆலயத்தை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும்போது, திறவுகோலோடு பட்டாவையும் சேர்த்து ஒப்படைப்போம். அதற்கான முதல் அடியை எடுத்துவைக்கும் மன உறுதியை அன்னை நம் அனைவருக்கும் அருள்வாளாக.

செயலாளர்,
ஆலய நிர்வாகக் குழு